லட்டுவுக்கு மொட்டை போட்ட நாள்

கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்து புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் இருவரும் முதல் நாளே சிரித்துவிட்டீர்கள். பரவாயில்லை, எல்லோரும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக ஒரு குடும்பமே நிற்கிறது. நடுவில் மாலை போட்ட பொண்ணு, மாப்பிள்ளை. பொண்ணு கையில், உடம்பில் முடியே இல்லாமல், தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, ஒரு குட்டி நாய்.

"அண்ணா, அது என்னா நாயிங்கண்ணா? பெருச்சாளி மாதிரி இருக்குது" என்று உங்களில் பாப்பிரெட்டிப்பட்டித் தம்பி கேட்டான்.

"பூடில்" என்றேன். நீங்கள் நம்பவில்லை.

மற்ற ஊர்க் கடைகளில் வெளிநாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பூடில் படம் மாட்டியிருப்பார்கள். கால்களில் உருண்டை உருண்டையாக முடி, தலையில் கோபுரம் மாதிரி ஒரு கொத்து. நம் கடையில் ஏன் இந்தப் படம் என்று சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் முதல் நாய்க்கு முடி வெட்டுகிற மேசை உங்களுடையது. முப்பது வயதில் ஓய்வு பெறுகிறவன் என்று என்னைக் கிண்டல் செய்ய வேண்டாம். ஓய்வு பெறுவது என் வலது மணிக்கட்டு மட்டும்தான். கத்தரியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் முன்னால் உட்கார்ந்து போன் எடுப்பேன். வாய்க்கு யாரும் ஓய்வு கொடுக்கச் சொல்லவில்லை.

கத்தரி பிடிப்பதையும் முடியெடுக்கும் மிஷின் ஓட்டுவதையும் பயிற்சியில் கற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். அதை நான் மறுபடி சொல்லப்போவதில்லை. எந்த நேரத்தில் மிஷினை ஆன் செய்ய வேண்டும், அதற்கு முன்னால் யாரிடம் என்ன பேச வேண்டும் என்பதைப் பயிற்சியில் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதைச் சொல்லித் தந்தது ஒரு பூடில்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். விலங்கியலில் பட்டம் வாங்கினேன். பெங்களூரில் ஒரு நாய் பராமரிப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததை வீட்டில் வெகுநாள் "கம்பெனி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தர்மபுரிக்குத் திரும்பி வந்து சொந்தமாகக் கடை போட்டதும் கம்பெனி என்று சொல்ல முடியவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த அப்பா ட்ரையரைப் பார்த்தார், குளிப்பாட்டும் தொட்டியைப் பார்த்தார், ஷாம்பூ பாட்டில்களைப் பார்த்தார்.

"இவ்ளோ சோப்பு போட்டு நானு கூட குளிச்சதில்லடா" என்றார். அவர் சொன்ன வாழ்த்து அவ்வளவுதான்.

பெங்களூர்க் கடையில் எனக்கு மேலே இருந்த அக்கா அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கெட்ட சேதிய மிஷின் ஆன் பண்றதுக்கு முன்னாடி சொல்லிடு. முன்னாடி சொன்னா அது சேதி. பின்னாடி சொன்னா சாக்கு." இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பூடிலைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு தடவை காரிமங்கலத்தில் சந்தை நாளன்று ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைப் பூடிலைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடு வாங்க வந்த பெரியவர் ஒருவர் நேராக வந்து அதன் முதுகைத் தடவி, இடுப்பை அமுக்கிப் பார்த்து, "கறி கம்மியா இருக்குதே, என்னா வெல சொல்ற?" என்று கேட்டார். அந்த நாய் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. அப்படி ஒரு அவமானப்பட்ட பார்வையை நான் மனிதர்களிடம்தான் பார்த்திருக்கிறேன்.

பூடிலின் குணமே அதுதான். அது உங்கள் முகத்தைப் படிக்கும். நீங்கள் பயந்தால் அது பயப்படும். நீங்கள் அவசரப்பட்டால் அது மேசையில் நிற்காது. ஒரு தடவை வலிக்க வைத்த கையை மறக்காது. அதன் முடியும் மற்ற நாய்களின் முடி மாதிரி கிடையாது. சோபாவில் கொட்டாது. கொட்டாத முடி எங்கே போகும்? உதிர்ந்த முடி சுருளுக்குள்ளேயே தங்கி, வளர்கிற முடியோடு சேர்ந்து பின்னிக்கொள்ளும். மேலே பார்த்தால் பஞ்சு மிட்டாய். அடியில் கயிற்றுப் பாய். முடி கொட்டாத நாய் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை.

இப்போது லட்டுவுக்கு வருகிறேன்.

நம் கடையில் வாடிக்கையாளரின் பெயரை யாரும் கேட்பதில்லை, கவனித்திருப்பீர்கள். நாயின் பெயர்தான் அவர்களுக்கும். "டைகர் அப்பா வந்திருக்காரு", "ஜிம்மி அக்கா போன்ல இருக்காங்க." அதேபோல்தான் அன்றைக்கு லட்டு அம்மாவும் லட்டு அப்பாவும் வந்தார்கள். காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம். லட்டு, லட்டு நிறத்தில் ஒரு சின்னப் பூடில். மகள் சௌமியா பெங்களூரில் வேலை பார்த்தபோது ஆசைப்பட்டு வளர்த்தது. கம்பெனி அவளை வெளிநாட்டுக்கு அனுப்பியதும் நாயை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். இப்போது தன் நிச்சயதார்த்தத்துக்காகத் திரும்பி வருகிறாள். விழாவுக்கு இரண்டே நாள்.

துண்டில் சுற்றிய லட்டுவை அந்தம்மா மேசையில் வைத்தார். பார்க்க அவ்வளவு அழகு. காதோரம் இரண்டு சிவப்பு ரிப்பன், நெற்றியில் ஒரு மைப்பொட்டு. கடை முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம். அந்தம்மா போனை நீட்டினார். உருண்டை உருண்டையாக முடி வெட்டிய ஒரு பூடிலின் படம்.

"இத மாதிரி பந்து பந்தா வெட்டிடுங்க தம்பி. பாவாடகூட தெச்சாச்சு. பொண்ணு பட்டுப் புடவ கலர்லயே."

"பாவாடை யாருக்குங்க?"

"லட்டுவுக்குத்தான். பின்ன எனக்கா?"

நான் சிரித்துக்கொண்டே காதுக்குப் பின்னால் விரலை விட்டேன். விரல் போகவில்லை. கழுத்தில் முயன்றேன். போகவில்லை. மேலே ஒரு விரற்கடை மட்டும் சீவிய முடி. அதற்கு அடியில் உடம்பு முழுக்க ஒரே கம்பளமாகச் சடை பிடித்துத் தோலோடு ஒட்டிக் கிடந்தது. அக்குள் பக்கம் கை போனதும் லட்டு உறுமிவிட்டுச் சட்டென்று கடிக்கத் திரும்பியது.

"பாத்தீங்களா?" என்றார் லட்டு அப்பா. அதுவரை கதவருகிலேயே நின்றவர். "கொஞ்ச நாளா இப்டிதாங்க. கைய வெச்சா கடிக்க வருது. இவளையே ரெண்டு தடவ கடிச்சிடுச்சு. நிச்சயத்துக்கு சம்பந்தி வூட்டுக் கொழந்தைங்க வருதுங்க. ஆரயாச்சும் கடிச்சி வெச்சா ஆரு பதில் சொல்றது? விசேஷம் முடிஞ்சதும் கடத்தூர்ல மச்சான் தோட்டத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான். அங்க கட்டிப்போட்டுக் கெடக்கட்டும்."

அந்தம்மா லட்டுவின் ரிப்பனைச் சரி செய்தார். அவர் கையில் பல் பட்ட தடம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

தோட்டத்தில் கட்டிப் போட்ட பூடில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். வெயில், உண்ணி, தனிமை. ஆள் முகத்தையே பார்த்து வாழ்கிற பிராணி அது.

"எப்படிங்கம்மா பராமரிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான், அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "சனிக்கெழம தவறாம எண்ண வெச்சி, ஊற வெச்சி, அரப்பு போட்டுக் குளிப்பாட்டி, வெயில்ல காய வெச்சி, சீவி, ரிப்பன் கட்டுவேன் தம்பி. எம்பொண்ணு தலையக்கூட நானு இப்டிப் பாத்ததில்ல."

எண்ணெய் தூசியை இழுக்கும். சிக்கு எடுக்காமல் தண்ணீர் ஊற்றினால் முடிச்சு இன்னும் இறுகும். வெயிலில் காய்ந்ததும் அது கல்லாகும். வாராவாரம் அன்பாக அந்த அம்மா செய்தது, நாய்க்கு ஒரு இறுக்கமான சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டே இருந்த மாதிரி. இதை எப்படிச் சொல்வது?

ஒன்று சொல்லாமலே இருக்கலாம். மேலே தெரிகிற முடியை மட்டும் உருண்டையாக வெட்டி, வாசனை அடித்து அனுப்பிவிட்டால் போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கடி நிற்காது. லட்டு கடத்தூர் போய்ச் சேரும். இன்னொரு வழி, மணிக்கணக்காக உட்கார்ந்து சீவிச் சீவிச் சிக்கெடுப்பது. தோல் கிழியும். அன்றைக்குப் பிறகு அது எந்த மனிதக் கையையும் நம்பாது. மூன்றாவது வழி அந்தம்மாவுக்குப் பிடிக்காது. மிஷின் இன்னும் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூர் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது.

"அம்மா, முழுக்க எடுத்துடணுங்க. தோல் வரைக்கும்."

"எத?"

"முடியைத்தாங்க. மொட்டைதான் வழி."

பெஞ்சில் பொமரேனியனோடு காத்திருந்த டைகர் அப்பாகூட செல்போனைக் கீழே வைத்துவிட்டார்.

"மொட்டயா?" அந்தம்மாவின் குரல் உயர்ந்தது. "நிச்சய வூட்டுல மொட்டயா? நல்ல காரியம் நடக்கற வூட்டுல மொட்டத் தலையோட ஒண்ணு நின்னா ஊரு என்னா பேசும்? சம்பந்திக்காரங்க என்னா நெனைப்பாங்க? ஏந்தம்பி, நீங்க படிச்சவருதானே?"

டைகர் அப்பா உதவிக்கு வந்தார். "நெறையா கண்டிஷனரு ஊத்தி ஊற வெச்சீங்கன்னா இளகிடுங்க. என் சம்சாரம் அப்டித்தான் பண்ணுவா."

"உங்க சம்சாரம் நாய்க்கா?"

"இல்லங்க, அவ தலைக்கு."

சிரிக்க வேண்டிய இடம்தான். யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தம்மாவின் கையைப் பிடித்து, விரல் நுனியை லட்டுவின் கழுத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தேன். "அடியில தடவிப் பாருங்க. தோல் அசையுதா?"

அசையவில்லை. அந்தம்மாவின் விரல் அங்கேயே நின்றது.

"உங்க கல்யாணத்துக்கு ஜடை பின்னுனாங்களாம்மா?"

"பின்னாம? சவுரி வெச்சி, பூ வெச்சித் தெச்சி, இழுத்து இழுத்துப் பின்னுனாங்க. பொழுது சாயறதுக்குள்ள தல வெடிச்சிப் போச்சி. ஆராச்சும் தோளத் தொட்டாக்கூட எரிஞ்சி எரிஞ்சி வுழுந்தேன்." கணவரைக் காட்டினார். "இவரக்கூட."

"மொத நாளே திட்டு வாங்குனேன்" என்றார் லட்டு அப்பா.

"லட்டுவுக்கு அந்த ஜடை உடம்பு முழுக்கப் பின்னியிருக்குங்கம்மா. இன்னும் யாரும் அவுக்கல."

அந்தம்மா லட்டுவின் கழுத்தை இன்னொரு தடவை தடவினார். பிறகு, "நாந்தான் பின்னியிருக்கேன்" என்றார் மெதுவாக.

சௌமியாவிடம் முதலில் சொல்லிவிடலாம் என்றேன். அந்தம்மாவுக்குப் பயம். நாய் மகளுடையது. அம்மாவை நம்பி விட்டுவிட்டுப் போனது. கடைசியில் கணவர்தான் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் சௌமியா கேட்ட முதல் கேள்வி:

"எண்ண வெச்சியாம்மா?"

அந்தம்மா முந்தானையை விரலில் சுற்றினார்.

"நான் கம்பி பிரஷ் வாங்கிக் குடுத்துட்டுத்தானம்மா வந்தேன்? டெய்லி அதுல சீவுன்னு சொன்னேன்ல?"

"அது கம்பி கம்பியா முள்ளு மாதிரி இருந்துச்சி கண்ணு. புள்ளைக்கு வலிக்குமேன்னு எடுத்து உள்ள வெச்சிட்டேன். என்னோட சீப்புலயே சீவிட்டேன்."

அந்தப் பக்கம் கோபத்தில் மூச்சு விடுவது கேட்டது. இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். மகள் பக்கம் சேர்ந்துகொண்டு "ஆமாங்க, எண்ணெய் வைக்கவே கூடாது" என்று அறிவாளியாகிவிடலாம். அப்படிச் செய்தால் அந்தம்மா அதற்குப் பிறகு நம் கடைக்கு வரமாட்டார். அவர் வராவிட்டால் லட்டுவும் வராது. நான் நடந்ததை மட்டும் சொன்னேன். "மேடம், லட்டுவோட பல்லு, நகம், கண்ணு எல்லாம் சுத்தமா இருக்குங்க. உடம்புல ஒரு உண்ணிகூடத் தெரியல. அம்மா ஒரு வாரம்கூட விட்டதில்ல. முடி மட்டும்தான் தப்பாப் போச்சு. அது வளர்ந்துடும்."

"...சரி, எடுத்துடுங்க" என்றாள் சௌமியா. அப்புறம், "அம்மா, அழாத. நான் வந்துட்டேதான் இருக்கேன்."

அதற்குப் பிறகுதான் மிஷினை ஆன் செய்தேன். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு, லட்டுவின் முன்காலைப் பிடித்தபடி நின்றார். உதடு ஏதோ முணுமுணுத்தது. நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. வேலை நடந்த விதத்தை விவரிக்கப்போவதில்லை. லட்டு உறுமினபோதெல்லாம் நிறுத்தினேன். பிளேடு சூடேறினால் நிறுத்தினேன். எனக்கே அவசரம் வந்தபோதும் நிறுத்தினேன். முடி உதிரியாக விழவில்லை. செம்மறித் தோல் உரிந்த மாதிரி ஒரே துண்டாக வந்தது. இடது அக்குளில் சடைக்குள் ஒரு நெருஞ்சி முள் புதைந்து, அந்த இடம் புண்ணாகியிருந்தது.

அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். லட்டு அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம தோப்பு முள்ளுதான்" என்றார்.

காதில் இருந்த சடையை எடுத்ததும் லட்டு தலையை வேகமாக உதற ஆரம்பித்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கிடந்த காதில் திடீரென்று ரத்தம் ஓடும். உதறி உதறிக் காது நுனி வீங்கிவிடும். வேலை முடிந்தது என்று நாம் நிம்மதியாக மூச்சு விடுகிற நேரத்தில் வருகிற ஆபத்து அது. உடனே மெல்லிய துணியால் இரண்டு காதையும் தலையோடு சேர்த்துக் கட்டி, நேராகக் கால்நடை டாக்டரிடம் போகச் சொன்னேன். அக்குள் புண்ணையும் அவர்தான் பார்க்க வேண்டும். மருந்து நம் வேலை இல்லை.

தலையில் துணி கட்டிய நாயைப் பார்த்து லட்டு அப்பா முதல் தடவையாகச் சிரித்தார். "முண்டாசு கட்டிக்கிட்டு வரப்பு வெட்டப் போறவனாட்டம் இருக்கு."

கீழே இறக்கி விட்டேன். லட்டு ஒரு நொடி அசையாமல் நின்றது. உடம்பை ஒரு தடவை சிலிர்த்துப் பார்த்தது. தோல் அசைந்தது. அவ்வளவுதான், கடை முழுக்க வட்டம் வட்டமாக ஓட ஆரம்பித்துவிட்டது. டைகரின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது, டைகர் அப்பா காலுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தது. ஓடிக் களைத்ததும் அந்தம்மா காலடியில் போய் மல்லாந்து வயிற்றைக் காட்டிப் படுத்தது. அந்தம்மா கையை நீட்டினார், பயந்து இழுத்துக்கொண்டார், மறுபடி நீட்டினார். லட்டு கடிக்கவில்லை. கையை நக்கியது.

கிளம்பும்போது கம்பி பிரஷ்ஷைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினேன். முதலில் அவர் முன்கையிலேயே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். "வலிக்கலையே!" என்றார், ஏமாந்துபோனவர் மாதிரி.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் லட்டுவின் காது எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். பந்தலுக்குள் நுழையும்போதே பேச்சு காதில் விழுந்தது.

"நாயிக்கு எதுக்குங்க மொட்ட?" ஒரு பெரியம்மா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம். "ஏதாச்சும் சொறி கிறி புடிச்சிடுச்சா?"

லட்டு அம்மா கையில் பலகாரத் தட்டு. என்னைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து சொன்னார்:

"வேண்டுதலுங்க."

"வேண்டுதலா! என்னா வேண்டுதலு?"

"நல்லபடியா அமையணும்னு வேண்டிக்கிட்டேன். மொட்ட போடறதா."

அந்தப் பெரியம்மாவின் முகம் அப்படியே மாறிவிட்டது. "எங்க பையனுக்காகவா? கேட்டீங்களா, நம்ம பையன் அமையணும்னு நாயிக்கு மொட்ட போட்டிருக்காங்களாம்!" பந்தல் முழுக்கச் சேதி பரவியது. யாரோ உள்ளே போய்ச் சந்தனம் எடுத்து வந்து லட்டுவின் தலையில் பூசினார்கள். புண் இருக்கிற பக்கம் வேண்டாம், தலையில் மட்டும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். பஞ்சு மாதிரி இருந்த நாய்க்கு அளவெடுத்த பாவாடை, மொட்டை நாய்க்குத் தொளதொளவென்று இருந்தது. சௌமியா சிரிப்பை அடக்க முடியாமல் லட்டுவைத் தூக்கிக்கொண்டாள். அப்போது எடுத்ததுதான் சுவரில் இருக்கிற போட்டோ.

சாப்பாட்டுப் பந்தியில் கடத்தூர் மச்சான் வந்து லட்டு அப்பாவிடம் கேட்டார். "மாமா, வண்டி கொண்டாந்திருக்கேன். நாய இன்னைக்கே ஏத்திக்கட்டா?"

லட்டு அப்பா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே அவரைப் பார்த்தார். "அறிவிருக்காடா உனக்கு? வேண்டுதல் நாய ஆராச்சும் வூட்ட வுட்டு அனுப்புவாங்களா?"

கை கழுவும் இடத்தில் அந்தம்மாவைத் தனியாகப் பார்த்தபோது மெல்லக் கேட்டேன். "வேண்டுதல்னு அந்த நேரத்துல எப்படிங்கம்மா தோணுச்சு? சம்பந்திகிட்ட ஒரு பொய்..."

"பொய்யின்னு ஆரு சொன்னா?" என்றார். "நீங்க மிஷினு போட்டப்ப நெசமாத்தான் வேண்டிக்கிட்டேன். நல்லபடியா அமையணும்னு. ஆருக்குன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "மாப்பிள்ளைக்கு எதுக்குத் தம்பி வேண்டணும், அவருதான் எப்பவோ அமஞ்சிட்டாரே. நானு வேண்டுனது இதுக்கு. இனிமே கடிக்காம எங்கூடவே இருக்கணும்னு."

லட்டு இப்போதும் மாதாமாதம் வருகிறது. பந்து பந்தாக முடி வளர்ந்துவிட்டது. அடுத்த தடவை வரும்போது மேசையில் நீங்கள் நிற்பீர்கள். அந்தம்மா பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுத்து, முதலில் தன் முன்கையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உங்களிடம் கொடுப்பார். அவசரப்படாமல் காத்திருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.